தொடக்கூடாத சாஃப்ட்வேர்

இன்று காலை ஒரு சிப் டிசைன் நிறுவனத்தின் ஆன்லைன் நேர்காணல்.

"உங்க காலேஜ் லேப்ல எந்த சாஃப்ட்வேர் யூஸ் பண்ணுவீங்க?" என்று கேட்டார் நேர்காணல் செய்தவர்.

எங்கள் லேப் இன்ஸ்பெக்‌ஷன் வரும் அன்று மட்டும்தான் திறக்கும். நாங்கள் கோட் மாட்டிக்கொண்டு சிப் டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்த கணினி முன்னால் உட்கார்ந்திருப்போம். எதையும் தொடக்கூடாது.

"பார்த்திருக்கேன் சார், தொட்டதில்ல. வீட்ல இலவச சாஃப்ட்வேர்ல கத்துக்கிட்டேன்" என்றேன்.

 "சரி, உங்க லேப்ல இருக்கிற அதே சாஃப்ட்வேர்தான் எங்ககிட்டயும். திங்கட்கிழமை அதுலயே செஞ்சு காட்டுங்க" என்றார்.

அம்மா கதவைத் திறந்தாள். "ஏட்டி, வேண்டாம்னுட்டாகளா?"

"இல்லம்மா, அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காக."

"பொறவு எதுக்கு போன்ல ஊரெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு இருக்க?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அந்த சாஃப்ட்வேரை நிஜமாகவே தொட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? திறந்ததும் முதலில் எதை அழுத்த வேண்டும் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.