கழற்றலாம், அறுக்கக் கூடாது

அன்றைக்குக் கரையான்சாவடியில் என் ஷெட்டில் இருந்தவர்கள்: பக்கத்து ஊர் நூம்பல் பெரியவர். அவருடைய மாப்பிள்ளை. பெரியவரின் மகள், வயிற்றில் ஐந்து மாதம். நான். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் கார்.

கார் சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். வேகமாக ஓட்டுவதற்கென்றே சீமையில் கட்டினது. அப்போதே அதற்குப் பன்னிரண்டு வயது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார இன்ஜினியரிடம் பெரியவர் வாங்கினார். நெல் போடுகிறவருக்கு இது எதற்கு என்று கேட்டவர்களிடம், அழகாக இருந்தது, வாங்கினேன் என்பார். யுத்தம் வருவதற்கு முந்தின சமாசாரம் இது.

நான் இரண்டாம் கிளாஸ் வரை படித்தேன். பஸ், லாரி பழுது பார்ப்பேன். இந்த மாதிரி வண்டியில் அதற்கு முன் கை வைத்ததில்லை.

மாப்பிள்ளைக்கு வேகம் வேண்டும். பட்டணத்தில் ஒரு சிநேகிதன் புது வண்டி வாங்கியிருந்தான். அவனை முந்த வேண்டும்.

"மேஸ்திரி, பொகக் கொழாய அறுத்துடு. கார்பரேட்டர் பெருசா போடு. இன்ஜின் தலைய அர நூலு கனம் இழைச்சுடு. அப்பால பாரு, பறக்கும்."

"பறக்கறதுக்கு அது இன்னா காக்காவா?" என்றார் பெரியவர். "செஞ்சவன் கணக்கு போட்டுத்தான் செஞ்சிகீறான். கை வெக்காதே மேஸ்திரி."

"மாமா, அவன் கணக்கு போட்டு பன்னெண்டு வருசம் ஆச்சு."

"உங்களுக்குக் கண்ணாலம் ஆயி மூணு வருசம் ஆச்சு மாப்ள. அத்தயும் இழைச்சுடலாமா?"

மகள் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அந்த இன்ஜினில் இன்னும் பலம் இருந்தது. காதில் கேட்டாலே தெரியும், காற்று போதாமல் இழுத்தது. ஆனால் இழைத்த இரும்பு திரும்ப வளராது. விரிசல் விட்டால் மாற்றுவதற்கு அந்த வண்டிக்கு இன்னொரு தலை இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

நான் சொன்னேன். "கழட்டலாம். அறுக்கக் கூடாது. கழட்டினது எல்லாம் பொட்டில இருக்கும். பழைய மாதிரி வேணும்னா ஒரு நாள்ல மாட்டிடுவேன்."

இரண்டு பேருக்கும் அரை மனசு. சரி என்றார்கள்.

மோதி நசுங்கின ஒரு பெரிய காரின் கார்பரேட்டர் என்னிடம் கிடந்தது. அதைப் பொருத்தினேன். புகைக்குழாயைக் கழற்றி நேர்க்குழாய் ஒன்று செய்து மாட்டினேன். வேகம் காட்டும் முள் அதுவரை போகாத இடத்துக்குப் போயிற்று. மாப்பிள்ளை ஹை ரோட்டில் காலையும் மாலையும் போய் வந்தார். சத்தம் முன்னாலே வரும், கார் பின்னாலே வரும். கோழிகள் ஓடும்.

நாலாம் நாள் மகள் மட்டும் மாட்டு வண்டியில் வந்தாள். இறங்கவில்லை.

"மேஸ்திரி, ஓடறது தெரியுது. நிக்கறதுக்கு இன்னா வழி?"

"பின் சக்கரத்துல மட்டும்தாம்மா பிரேக்கு. முன்னால கெடையாது."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னேன். நிக்கறதுக்கா காரு வாங்குவாங்கன்னு கேட்டாரு."

"எங்க நைனா இன்னா சொன்னாரு?"

"கம்பெனி போட்ட பிரேக்கு, அதுல கை வெக்காதேன்னாரு."



"அவரு ஒரு நாளு ஊடு வந்து சேரலன்னா, ரெண்டு பேருமே உன்னத்தான் கேப்பாங்க. நானும் உன்னத்தான் கேப்பேன்."

வண்டி திரும்பிப் போய்விட்டது.

முன் சக்கரத்துக்குப் பிரேக் வைப்பதென்றால் அச்சை அறுக்க வேண்டும். அது ஆகாது. எண்ணெய் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் காரை ஷெட்டில் நிறுத்திக்கொண்டு, பின் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் கட்டைகளில் ஒட்டியிருந்த துணி தேய்ந்து, கண்ணாடி மாதிரி வழுவழு என்று இருந்தது. பூந்தமல்லி அரிசி மில்லில் மாற்றிப் போட்ட பெல்ட் ஒன்று கேட்டு வாங்கினேன். தடித்த துணி பெல்ட். சவுக்காரம் போட்டுத் துவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தேன். இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டேன். அளவாக வெட்டி, செம்பு ரிவிட் அடித்துக் கட்டைகளில் பொருத்தினேன்.

யாரிடமும் கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

பிறகுதான் பயம் வந்தது. துணி சூட்டில் கருகினால் என்ன ஆகும்? அதுவரை நிற்காமல் போனால் கம்பெனி மேல் பழி போடலாம். இனிமேல் என் மேல்.

மறுநாள் மாப்பிள்ளை வண்டி எடுக்க வந்தார். நானும் ஏறி உட்கார்ந்தேன்.

"இன்னா மேஸ்திரி, பயமா?"

"ஆமா."

வேலப்பன்சாவடி கிட்டே நல்ல வேகம். நூம்பல் பாதையிலிருந்து வைக்கோல் வண்டி ஒன்று ரோட்டுக்கு ஏறியது. ரோடு முழுக்க வைக்கோல். ஒதுங்க இடமில்லை. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வால் பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது. துணி கருகும் வாடை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன.

"யோவ்! ஊட்ல சொல்லிகினு வந்தியா?" என்றான் வண்டிக்காரன். "மாட்ட இட்ச்சிருந்தா உன்னத்தான்யா ஏர்ல பூட்டிருப்பேன்!"

மாப்பிள்ளை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நின்னுடுச்சு மேஸ்திரி."

"ஆமா."

"இதுக்கு மின்னே இப்டி நின்னதே இல்லியே இது."

"மில்லு பெல்ட்டு போட்டுகீறேன். நேத்து."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூச்சு வந்தது. அந்தப் பெண் வந்து போன நாளிலிருந்து சரியாக வராத மூச்சு.

பெரியவரின் கழனி பக்கத்தில்தான். யாரோ சொல்லி ஓடிவந்தார். வேட்டியெல்லாம் சேறு. மாப்பிள்ளையின் தோளை, கையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் சக்கரத்துப் பக்கத்தில் குனிந்து மோந்தார்.

"இன்னா நாத்தம்?"

நான் எல்லாம் சொன்னேன். "பழைய துணிய எட்த்து வெச்சிகீறேன். மாட்டச் சொன்னா மாட்டிடறேன்" என்றேன்.

அவர் ரோட்டில் சக்கரம் இழுத்த கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டிக்காரன் மட்டும் இன்னும் திட்டிக்கொண்டிருந்தான்.

"இதுவே இருக்கட்டும்" என்றார் பெரியவர். "கண்ணு அவிஞ்சு கெடந்தது நான்தான். காருக்கும் வண்டிக்கும் நடுவுல எத்தினி அடி, அளந்து சொல்லு மேஸ்திரி. ஊட்ல பொண்ணு கேக்கும்."

நான் குதிகாலோடு விரல் ஒட்டி வைத்து நடந்தேன்.

இரண்டரை அடி.