என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பிச்சைமுத்து

முந்தின நாள் ஒட்டிய டைல்ஸை மறுநாள் காலையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் பிச்சைமுத்து. முழங்காலால் நகர்ந்தபடி, ரப்பர் சுத்தியின் கட்டையால், கல்லுக்கு நான்கு மூலை, நடுவில் ஒன்று என்று ஐந்து தட்டு. அன்னவாசலில் புதிதாகக் கட்டிய அந்த வீட்டுக் கூடத்தில் நூறு கற்களுக்குக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் அதே ஐந்து தட்டு, அதே இடைவெளி. ஜன்னலோரம் வந்ததும் நிறுத்தினார். தலையைச் சாய்த்து இன்னொரு முறை தட்டினார்.

"இதுக்குள்ள காத்து நிக்கிதுங்க. பேத்துட்டுத் திரும்ப ஒட்டணும்."

"வெள்ளிக்கெழமை கிரகப்பிரவேசம்ப்பா!" என்று வீட்டுக்காரர் பதறினார்.

"இன்னைக்கி புதன்தானங்க. அவசரம் ஒண்ணும் இல்லீங்களே" என்றார் பிச்சைமுத்து. சொல்லிவிட்டு உளியைத் தேட ஆரம்பித்தார்.

நானும் குனிந்து அந்தக் கல்லைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கல்லையும் தட்டினேன். எனக்கு இரண்டும் ஒரே சத்தமாகத்தான் கேட்டன. அதுவே எரிச்சலாக இருந்தது. அவர் வேலை செய்யும் இடத்துக்கு நான் போனதே, அங்கேயாவது அவரிடம் ஒரு குறை கண்ணில் படாதா என்றுதான். பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்பதெல்லாம் அவரிடம் சொன்ன காரணம்.

பிச்சைமுத்துவுக்கு வயது முப்பத்தெட்டு, ஊர் வல்லத்திராக்கோட்டை. ஆள் குள்ளம். சட்டைக் கையை எந்த வெயிலிலும் மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் போட்டிருப்பார். சிமெண்ட் அரித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கைக்கும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கிளம்பி, டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றே வருவார். "பிடிச்சா அடுத்தவுக கையில எண்ணெ ஒட்டுமுல்லங்க" என்பார். புதுக்கோட்டைச் சாலையில் அத்தனை பள்ளத்துக்கும் விழாமல் ஒருவர் எப்படி நிற்க முடியும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அப்படி வந்து, அன்னவாசலில் ஒரு பழைய கோழிக் கொட்டகைக்குள் நுழைந்து, 'செம்மண்' ராக் குழுவின் ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்காருவார். அந்த ஸ்டூல் என்னுடையது. பன்னிரண்டு வருடம் நான் உட்கார்ந்த ஸ்டூல். பொறாமையா என்று கேட்டால் ஆமாம், பொறாமைதான்.

'செம்மண்' 2006-இல் ஆரம்பித்தது. நானும் ஜெபக்குமாரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. அவனுக்கு கிட்டார், எனக்கு ட்ரம்ஸ், நிலவழகன் பேஸ் கிட்டார். ஜெபக்குமாரின் அப்பா கோழி வளர்த்து நஷ்டப்பட்டு விட்டுவிட்ட கொட்டகையில் முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டி, சத்தம் வெளியே போகாது என்று நம்பிக்கொண்டு வாசித்தோம். ஊரில் எல்லாருக்கும் கேட்டது. ராக் என்றால் என்ன என்று விழாக் கமிட்டிகளுக்கு விளக்கி விளக்கித் தொண்டை கட்டியது. கடைசியில் எல்லா ஃப்ளெக்ஸிலும் 'செம்மண் இன்னிசைக் குழு' என்றே அச்சடித்தார்கள். மாதா கோயில் திருவிழாவில் மாதா பாட்டு, மாரியம்மன் திருவிழாவில் அம்மன் பாட்டு, இரண்டுக்கும் நடுவில் யாரும் கவனிக்காத நேரம் பார்த்து எங்கள் சொந்தப் பாட்டு ஒன்று. எங்கள் வளர்ச்சியெல்லாம் அந்த ஒன்று இரண்டானதுதான்.

என் புகழின் உச்சம் வல்லத்திராக்கோட்டையில் ஒரு கோயில் திருவிழா. அம்மன் பாட்டை ராக் அடியில் வாசித்தோம். இரண்டாவது சரணத்தில் முன்வரிசைப் பெண் ஒருவருக்குச் சாமி வந்துவிட்டது. சாமி ஆடும்போது வாத்தியத்தை நிறுத்தக் கூடாது. திருநீறு பூசி மலையேற்றும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் அடித்தேன். அடிக்க அடிக்க இன்னொருவருக்கு வந்தது. பிறகு ஒரு போலீஸ்காரருக்கும் வந்தது. மொத்தம் ஏழு பேர். பூசாரி திருநீற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜெபக்குமார் என் காதருகே வந்து, "ஓடாதடா, வேகம் கூடுது, ஓடாதடா" என்று கத்தினான். கையைக் காட்டி அவனைத் தள்ளிப் போகச் சொன்னேன். அந்த ஏழு பேர் கதையை இன்றைக்கும் ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுகிறேன். 'ஓடாதடா' என்ற பகுதியை மட்டும் சொல்லுவதில்லை.

2018-இல் எனக்கு ஆவுடையார்கோவில் தாலுகா அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. அதனால்தான் குழுவை விட்டேன் என்று சொல்லிவருகிறேன். ஆவுடையார்கோவிலிலிருந்து புதுக்கோட்டைக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து அன்னவாசலுக்கு அரை மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் காலியாகவே ஓடும். உண்மை வேறு. அந்த வருடம் ஜெபக்குமார் தன் போனில், டிக் டிக் என்று தாளக் கணக்குத் தட்டும் ஒரு செயலியைப் போட்டு என் முன்னால் வைத்தான். "இதுகூடச் சேந்து ஒரு பாட்டு வாசிடா" என்றான். "எனக்குக் கைக்குள்ள தாளம் இருக்கு, போன்ல இருந்து வர வேண்டியதில்ல" என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த மாதமே மாற்றல் உத்தரவு வந்து என் மானத்தைக் காப்பாற்றியது.

நான் இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கலையவில்லை. ஜெபக்குமார் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்ட ஒருவர் வந்தார். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் வாசித்தவராம். "தட்டிப் பாக்கலாங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு குளியலறை வேலை முடிய இருபது நாள் ஆயிற்று என்று ஜெபக்குமார் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் வாசிப்பதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு முறை அன்னவாசல் சந்தைப்பேட்டையில், இன்னொரு முறை ஒரு கல்யாண வரவேற்பில் அழைப்பே இல்லாமல். வித்தை எதுவும் காட்ட மாட்டார். குச்சியைச் சுழற்ற மாட்டார். தலையை ஆட்ட மாட்டார். தட்டு அடிக்கிற இடத்தில் தட்டு, இல்லாத இடத்தில் சும்மா. இதைப் போய் வாசிப்பு என்கிறார்களே என்று இருந்தது. ஆனால் நான் வாசித்த காலத்தில் குழந்தைகள்தான் ஆடும். இவர் வாசித்தால் பெரியவர்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெட்கப்படாமல், களைக்காமல் ஆடுகிறார்கள்.

எங்கள் பாடகி இசைவாணி அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஆறு வருடம் என் தாளத்துக்குப் பாடியவள். அவளிடம், "புது ஆளு எப்படி?" என்று பட்டும் படாமல் கேட்டேன்.

"பிச்சைண்ணன் வாசிச்சா மூச்சு விட எடம் கெடைக்கிதுண்ணே" என்றாள்.

அப்படியானால் என்னோடு ஆறு வருடம் மூச்சு விடாமலா பாடினாய் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று விட்டுவிட்டேன்.

அவர் மனைவி காத்தாயியிடமாவது ஒரு புகார் கிடைக்கும் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கிடைத்தது. "வீட்லயும் இதே கூத்துத்தாங்க. சோத்துல கைய வச்சா எந்திரிக்க ஒரு மணி நேரம். தட்டுல ஒரு பருக்கை விடமாட்டாக. நான் கழுவி வச்சுட்டுத் தூங்க வேண்டாமா?" என்றார். புகார்தான், ஆனால் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து இன்னும் வயிறு எரிந்தது. என் மனைவி என் ட்ரம்ஸைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை, 'அப்பாடா'. நான் விலகிய அன்று சொன்னது.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மாதம் ஜெபக்குமார் போன் செய்து, திருச்சியில் ஒரு ஸ்டூடியோ கிடைத்திருக்கிறது, 'வெயில்' பாட்டைப் பதிவுசெய்யப் போகிறோம் என்றான். பதினெட்டு வருடத்தில் எங்கள் குழுவின் முதல் பதிவு. 'வெயில்' எங்கள் சொந்தப் பாட்டு. அதன் தாளம் நான் உண்டாக்கியது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், பஸ் வராத ஒரு மே மாத மதியத்தில், என் டிபன் பாக்ஸில் தட்டித் தட்டிக் கண்டுபிடித்தது. மேடையில் வாசிப்பது அன்றோடு போகும், பதிவானது நிற்கும். அதில் என் தாளத்தை இன்னொருவர் கை அடிப்பதா?

"நான்தான் வாசிப்பேன்" என்றேன்.

"ஒனக்குக் கையி விட்டுப் போயி ஆறு வருசம் ஆச்சேடா" என்றான்.

"அப்ப ரெண்டு பேரும் வாசிக்கிறோம். எது நல்லா இருக்கோ அதை எடு. ஆனா யாரு வாசிச்சதுன்னு தெரியாம கேட்டுச் சொல்லணும்." நானே போட்ட நிபந்தனை இது. பழகிய பாசத்தில் அவர்கள் பிச்சைமுத்துவுக்குச் சாய்ந்துவிடுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். என்னைத் தோற்கடிக்க அவர்கள் பாசம் தேவைப்படும் என்று நான் நம்பியது இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரு வாரம் தலையணையில் தட்டிப் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனால் பிச்சைமுத்து எனக்கு முன்பே வந்து ட்ரம்ஸைத் துடைத்து வைத்திருந்தார். "வாங்கண்ணே. இது ஒங்க பாட்டுன்னு சொன்னாக. ஒங்களாட்டம் வாசிக்கத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். கிண்டல் இருக்கிறதா என்று அவர் முகத்தைத் துழாவினேன். இல்லை.

ஸ்டூடியோவில் முதலில் ட்ரம்ஸை மட்டும் தனியாகத்தான் பதிவுசெய்வார்களாம். அதனால் நாங்கள் இருவரும் தனித்தனியாக, பாட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு, வெறும் தாளத்தை மட்டும் வாசிக்க வேண்டும். பிச்சைமுத்துவின் போனில் பதிவுசெய்வதென்று ஏற்பாடு. ஜெபக்குமாரும் மற்றவர்களும் தெருமுனை டீக்கடைக்குப் போய்விட்டார்கள். முதலில் அவர் வாசித்தார். பிறகு நான் உட்கார்ந்தேன். சொல்லக் கூடாது, நன்றாகவே வாசித்தேன். கை தானாக ஓடியது. வேர்த்துக் கொட்டியது. அந்தக் கொட்டகையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"கேட்டுப் பாப்பமாண்ணே?" என்று பிச்சைமுத்து ஹெட்போனின் ஒரு முனையைத் தன் காதிலும் மறுமுனையை என் காதிலும் செருகினார். ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்தோம். அவர் வாசித்தது முதலில் ஓடியது. அவர் வலது பாதம் அதற்கேற்பத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னுடையது. பாதம் அதற்கும் தட்டியது. முதல் சரணம்வரை இரண்டும் ஒன்றாகத்தான் போயின. அதற்குப் பிறகு, அவர் பாதம் அதே வேகத்தில் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்க, என் தாளம் அதை விட்டு முன்னால் போய்விட்டது. நேரம் ஆக ஆக இடைவெளி கூடிக்கொண்டே வந்தது. நாலேகால் நிமிடப் பாட்டை மூன்றரை நிமிடத்தில் முடித்திருந்தேன். இசைவாணி மூச்சு விட எங்கேயும் இடம் இல்லை.

நான் அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். பாதத்தை மெல்லப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

வெளியே ஜெபக்குமாரின் வண்டிச் சத்தம் கேட்டது. பிச்சைமுத்து என் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தார். போன் 'அழிக்கவா?' என்று கேட்டது; வெடித்த கட்டைவிரலால் ஒரே ஒரு முறை அழுத்தினார். என்னைப் பார்க்கவில்லை.

"எங்க, போடுங்க கேப்போம்" என்று ஜெபக்குமார் கையில் டீ டம்ளரோடு உள்ளே வந்தான். பின்னால் இசைவாணி, நிலவழகன்.

"அண்ணன் வாசிச்சது போன்ல விழுகலங்க" என்றார் பிச்சைமுத்து. "பட்டனைச் சரியா அமுக்காம விட்டுப்புட்டேன். என் தப்புத்தாங்க."

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு வேண்டிய அவகாசம் இருந்தது. "போகட்டும்டா, எனக்கும் கையி கடுக்குது. அவரே வாசிக்கட்டும்" என்றேன், விட்டுக்கொடுக்கிறவன் குரலில். அந்த நேரத்தில்கூட எனக்கு நன்றி வரவில்லை. இந்த ஆளிடம் இதுவும் இருக்கிறதே என்று பொறாமைதான் வந்தது.

ஜெபக்குமாருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னய்யா நீ? பன்னெண்டு வருசம் இங்க வாசிச்சவன், ஆவுடையார்கோவில்லேருந்து பஸ் ஏறி வந்திருக்கான். ஒரு போன்ல பட்டன் அமுக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டான். இசைவாணிகூட முகத்தைச் சுளித்தாள். பிச்சைமுத்து எண்ணெய்க் கையால் பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு, குட்டுப் பட்டவர் போலச் சிரித்தபடி நின்றார்.