கடலுக்குள் நின்று எடுத்த படம்

மகன் எங்கோ தேடி வாங்கிய பழைய லென்ஸ் ஒன்றைத் தன் புதுக் கமராவில் பொருத்தினான். 'டக்' என்ற அந்தச் சத்தம் என்னை மண்டைதீவுக் கரைக்குக் கொண்டுபோய்விட்டது.

அக்கா கனடாவுக்குப் புறப்படுவதற்கு முதல்நாள். எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்க அப்பா கமராவோடு வந்தார். வழக்கமான லென்ஸில் பூஞ்சணம் பிடித்திருந்தது. மிஞ்சியது தூரத்தில் உள்ளதைக் கிட்டக் காட்டும் நீள லென்ஸ் மட்டும். அதற்குள் எங்கள் எல்லோரையும் அடக்க அப்பா பின்பக்கமாக நடந்துகொண்டே போனார். மணல் முடிந்து கடலுக்குள் இறங்கினார். கட்டியிருந்த சாரம் நனைந்து, தண்ணீர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது.

காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த அம்மா கத்தினார்: "இஞ்சேருங்கோ, போனது காணும், நில்லுங்கோ! இவளுக்கு முன்னம் நீங்கள் கனடா போய்ச் சேர்ந்திடுவியள்!"

அக்கா வெடித்துச் சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து அப்பா படத்தை எடுத்தார்.

ரொறன்ரோவில் அக்கா வீட்டுச் சுவரில் அந்தப் படம் தொங்குகிறது. பிரியப்போகிற நேரத்தில் என்ன இந்தச் சிரிப்பு என்று வருகிறவர்கள் கேட்பார்களாம்.

"முன்னால அப்பா கடலுக்குள்ள நிக்கிறார்" என்பாள் அக்கா.

அப்பா காலமான பிறகும் அவள் "நிக்கிறார்" என்றுதான் சொல்கிறாள்.