சோலார் ஸ்டிலில் வந்த உப்பு

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் பட்டறைக் கூரையில் நின்று நான் குடித்த முதல் மடக்கு கரித்தது. கரிக்கவே கூடாத தண்ணீர் அது.

கொங்கண் கரையில் ஒரு பள்ளிக்கூடம். அதன் கிணற்றில் கடல்நீர் ஏறிவிட்டது. பிள்ளைகள் குடிப்பதற்காகப் பன்னிரண்டு சோலார் ஸ்டில் செய்துகொண்டிருந்தோம். கருப்பு பூசிய தட்டில் உப்புநீர், மேலே சாய்வாகக் கண்ணாடி. வெயிலில் நீர் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து, வழிந்து, ஓரத்துச் சேனலில் நல்ல தண்ணீராக இறங்கும். உப்பு தட்டிலேயே தங்கிவிடும். டிராயிங் என்னுடையது. இடுக்கு ஒழுகாமல் அடைக்கும் சீலன்ட் பூசுவது ஸ்டெல்லா அக்கா. விஷ்ராந்த்வாடிக்காரர், மூன்று தலைமுறையாகப் புனேயில் இருக்கும் தமிழ்க் குடும்பம்.

உப்பளவு பார்க்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்தேன். எண் எகிறியது. ஸ்டில்களை ஏற்றிப்போக நான்காம் நாள் டிரக் வந்துவிடும்.

"என்னக்கா, சீலன்ட் சரியா போடலையா?" எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "போட்டது நான்தான் தம்பி. ருக்கோ, கொஞ்சம் பொறு, பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தட்டு நீரில் கலந்தார். நீலம் ஆவியாகாது, சேனலில் வந்தால் அது ஒழுகல்தான். மதியத்துக்குள், சேனல் தண்ணீர் விழும் பாட்டிலில் நீலம். டார்ச்சோடு குனிந்து பார்த்தவர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார்.

"சேனல புடிச்சிருக்கிற ரிவெட் ஆணி தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கு தம்பி. வெயில்ல தகடு விரியுது. எவ்வளவு சீலன்ட் போட்டாலும் விட்டுடும். டிராயிங்லயே அப்படித்தான் இருக்கு."

அதற்குள், எங்களோடு பழகித் தமிழும் புரிகிற முதலாளி படியேறி வந்தார். "கல்தி கிஸ்கி?" யார் தப்பு என்று கேட்டார்.

"மில் கயா சாஹேப், கண்டுபிடிச்சாச்சு, நாளைக்குள்ள சரியாயிடும்" என்றார் ஸ்டெல்லா அக்கா இந்தியும் தமிழுமாக. என் பேரைச் சொல்லவில்லை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "டிராயிங் தப்பு சார், என்னுது. அக்கா மேல அநியாயமா பழி போட்டுட்டேன்" என்றேன், அதே ஆட்கள் முன்னால்.

பழைய துளைகளுக்குத் தகடு வைத்து வெல்ட் செய்தோம். ரிவெட்டை நீர்மட்டத்துக்கு மேலே ஏற்றினோம். பன்னிரண்டு ஸ்டிலையும் அந்த வெயிலில் அக்காவே மறுபடி பூசினார். மூன்றாம் நாள் மதியம் மீட்டர் எண் தரைக்கு இறங்கியது. அக்கா ஒரு டம்ளர் குடித்தார்.

"சப்புனு இருக்கு தம்பி!" முகமெல்லாம் சிரிப்பு.

இன்று தொழிற்பேட்டை ஊரான சாகணில் பெரிய வேலையில் இருக்கிறேன். எது பழுதானாலும் முதலில் என் டிராயிங்கைத்தான் விரிக்கிறேன். ஆளைக் கேட்பது அதற்கப்புறம்.