ஆள் வரட்டும் என்ற பரியாரியார்

வாத வைத்தியத்துக்கு ஆழ்வாப்பிள்ளைப் பரியாரியார் என்றால் வடமராட்சியில் மறுபேச்சில்லை. நாரி பிடித்து இடுப்பு நிமிராதவன், முழங்கால் மடங்காதவள், வாய் ஒரு பக்கம் இழுத்தவன் எல்லாரும் நெல்லியடிச் சந்தையைத் தாண்டி அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். நடக்க ஏலாதவர்களிடம் அவரே போவார். ஆனால் நோயாளி வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட வேண்டும். அது பரியாரிமாரின் வழமை. கூப்பிடாத வீட்டுக்குப் போக அவருடைய ரோசமும் விடாது.

அந்த ரோசத்தைக் கிளறிவிட்டது தங்கை நாகேஸ்வரி வீட்டில் நடந்த அவள் மகளின் கலியாணம். சொந்தக்காரருக்கு வீடு வீடாகப் போய் வாயால் சொல்லவேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும். கொழும்பில் கிளாக்கராக இருந்த நாகேஸ்வரியின் புருஷன், லீவு கிடைக்கவில்லையென்று, கலியாணப் பொம்பிளையின் தாய்மாமனுக்கே கார்டைத் தபாலில் போட்டுவிட்டார். பரியாரியார் கலியாணத்துக்குப் போகவில்லை. ஏழு வருஷம் கதைபேச்சும் இல்லை.

எழுபத்தொன்று மாசியில் நாகேஸ்வரிக்குப் பாரிசவாதம் வந்து, வலக்கையும் காலும் விழுந்துவிட்டன. முழங்காலுக்கு எண்ணெய் வாங்க வந்த சந்தைக்காரி தங்கமுத்துதான் செய்தி சொன்னாள். அன்றைக்கே பரியாரியார் சிற்றாமுட்டி வேரை இடித்து நல்லெண்ணெயில் போட்டார். மூன்று நாள் காய்ச்சி, வடித்துப் போத்தலில் விட்டார். சால்வையையும் மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல் படலையைப் பார்த்தபடி இருந்தார். சைக்கிளில் போனால் பத்து நிமிடம்.

"தங்கச்சியிட்டை ஒருக்காப் போட்டு வாங்கோவன்," என்று தங்கமுத்து கெஞ்சினாள்.

"ஆள் வரட்டும். கூப்பிட்டால் போறன்."

நாற்பது நாளுக்குள் எண்ணெய் வைக்காவிட்டால் நரம்பு இறுகிவிடும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். நாளை எண்ணிக்கொண்டும் இருந்தார். அப்படியும் அசையவில்லை, பாழாய்ப்போன மனுசன்.

நாற்பத்தாறாம் நாள் பொறுக்க முடியாமல் தானாகவே போனார். நாகேஸ்வரியின் வலக்கை மூடியே கிடந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தார், பிரியவில்லை. கட்டிலுக்குக் கீழே எண்ணெய் போடவென்று எடுத்துவைத்த புதுப்பாயும், ஒத்தணத்துக்கு ஒடித்த நொச்சிக் குழையும் இருந்தன. குழை காய்ந்து சருகாகியிருந்தது.

"ஏன் பிள்ளை எனக்கு ஆள் அனுப்பேல்லை?" என்று கத்தினார்.

அவளுக்கு நாக்குத் தடித்திருந்தது. "நீங்கள் என்ன பிறத்தியாளே அண்ணை, ஆள் அனுப்ப? கேள்விப்பட்ட உடனை வருவியள் எண்டு இருந்தன்."

பரியாரியார் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பிறகு எட்டு வருஷம் ஒரு பின்னேரம் தவறாமல் போய் எண்ணெய் போட்டார். கால் கொஞ்சம் வந்தது. கை வரவேயில்லை. வாதம் என்று காதில் விழுந்தால் போதும், அறியாத வீட்டுக்கும் சைக்கிளை எடுத்துவிடுவார். பரியாரியாருக்கு இப்ப மதிப்பில்லை என்று சிலர் இளக்காரமாகக் கதைத்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுபத்தொன்பதில் ஒரு விடியற்காலை படலையடியில் ஓர் ஆள் வந்து நின்றான். "நாகேஸ்வரியக்கா மோசம் போட்டா. செத்தவீட்டுக்கு உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

அந்த வீட்டிலிருந்து அவரைக் கூப்பிட ஆள் வந்தது அன்றைக்குத்தான்.