பெரியம்மாவின் வாசல்நிலை

எங்கள் பின்விறாந்தையில் ஒரு வாசல்நிலை சுவரில் சாய்ந்து நிற்கிறது. முதிரை மரத்தில் செய்து, தலைப்பில் தாமரைப்பூ செதுக்கிய நிலை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, தன் மகளுக்குக் கட்டவிருந்த வீட்டுக்காகச் செய்வித்தது.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கே போகும். மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணப் பேச்சை எடுக்கவே தாய்மாருக்குக் கூசும். கல்குடாவில் இருந்த காணியைப் பிரித்தபோது மூத்தவரான பெரியம்மாவுக்குக் கடற்பக்கம் கிடைத்தது. நல்ல காற்று, காய்த்துக் குலுங்கும் தென்னைகள். அம்மாவுக்கு ரோட்டுப்பக்கம், வெறும் புழுதி. "புழுதி தின்ன ஆச வந்தா தங்கச்சி வீட்ட போவன்" என்று பெரியம்மா சிரிப்பார். அம்மா உம்மென்று இருப்பார்.

முன்பெல்லாம் மாரியில் அள்ளிய மணலைக் கோடையில் கடலே திருப்பிப் போட்டுவிடும். அந்த நம்பிக்கையில்தான் பெரியம்மா கடலைப் பார்க்க அத்திவாரம் போட்டார். ஆனால் கடல் அள்ளியதே தவிரத் தரவில்லை. உலகம் சூடாகிக் கடல் உயர்கிறது, புயல்களுக்கும் வெறி ஏறிவிட்டது என்று கச்சேரியிலிருந்து வந்த அரசாங்க அதிகாரி விளக்கினார். பொறுமையாகக் கேட்ட பெரியம்மா, "அது சரி தம்பி, நான் இனி இந்த நிலைய எங்க வைக்கிற?" என்றார்.

தென்னைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நிலை வைக்க நாள் பார்த்திருந்த கிழமையில் அத்திவாரம் உடைந்து போனது. நாங்கள் ஓடிப்போய் நிலையை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தோம். பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்தார்கள். அடுத்த மாரியில் குடியிருந்த வீடும் போக, பெரியம்மாவும் அவர் மகளான அக்காவும் எங்களோடு வந்துவிட்டார்கள்.

அம்மா தன் வளவில் பாதியைத் தருவதாகச் சொன்னார். "வேணாம் தங்கச்சி. அது உன்ட மகளுக்கெண்டு இருக்கிற வளவு" என்று பெரியம்மா மறுத்துவிட்டார். அந்த மகள் நான்தான். எனக்கு வீடு எழும்பியது, கலியாணம் நடந்தது. என் கூறைச்சேலையை அக்காதான் மடிப்பெடுத்துக் கட்டிவிட்டாள்.

பெரியம்மா சாகும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நிலையைத் துடைத்து, மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார். கடல் ஒருநாள் மணலைத் திருப்பித் தரும் என்றே நம்பினார். இப்போது அக்கா பூசுகிறாள். அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

போன மாரியில் கடல் எங்கள் வேலிக்கு வந்துவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை அக்கா மஞ்சள் பூசிக்கொண்டிருக்க, அவளைப் பெரியம்மா என்று கூப்பிடும் என் சின்ன மகள் வந்து கேட்டாள்: "பெரியம்மா, இது ஆருட வீட்டுக்கு?"

அக்காவின் கை நின்றது. என்னைப் பார்த்தாள்.

"உன்ட வீட்டுக்குத்தான் மகள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பூசத் தொடங்கினாள். எங்கே கட்டப்போகிறோம் என்று நான் கேட்கவில்லை.