பல் பதியாத கிளிப்

பெயிண்ட் ஆலையின் கரைப்பான் கிடங்கில் அவரை எல்லோரும் 'கிளிப் அக்கா' என்பார்கள். "வீட்ல குடத்துல தண்ணி ஊத்தினாலும் கம்பி மாட்டிடுவா" என்பது கணவரின் கேலி. பன்னிரண்டு வருடமாகக் கிடங்குச் சாவி அவர் இடுப்பில். அங்கே இதுவரை ஒரு பொறிகூடப் பறந்ததில்லை.

அங்கே இருக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான் பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். பிசின், கிரீஸ் எல்லாவற்றையும் கரைக்கும். அதில் கை கழுவுகிறவரை அக்கா பார்வையாலேயே எரித்துவிடுவார். அது தோலின் எண்ணெயையும் விட்டுவைக்காது. ஆவியோ காற்றைவிடக் கனம். தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும். குழாயில் ஓடும்போதே அதில் நிலைமின்சாரம் சேரும்; அது ஒரு பொறியாகத் தெறித்தாலே போதும், ஆவி பற்றிக்கொள்ளும். அதை இறக்கத்தான் டிரம்மின் விளிம்பில் ஒரு கிளிப், அதிலிருந்து எர்த்துக்கு ஒரு கம்பி.

போன மாதம் ஒரு காலை, நிரப்பிய டிரம்களை ஏற்றிப்போக வாசலில் லாரி நின்றது. கிடங்குக்குள் பளபளவென்று பதினெட்டு புது நீல டிரம்கள். பம்ப் ஓட்டுபவர் முதல் டிரம்மில் கிளிப்பை மாட்டிவிட்டு சுவிட்சுக்குப் போனார். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"மாட்டியாச்சுக்கா. கண்ணாடிய மாத்துங்க."

"மாட்டியிருக்குப்பா. கடிக்கலையே."

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "ஒரு மணி நேரமா லாரி நிக்குது. முடியாதுன்னா சாவியக் குடுங்கம்மா, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அக்கா சாவியை அவிழ்த்து அவர் கையில் வைத்தார். "இந்தாங்க சார். மீட்டர் வெச்சுப் பாத்துட்டு பம்ப ஓட்டுங்க." சுவிட்சைவிட்டு மட்டும் நகரவில்லை.

மீட்டர் வந்தது. ஒரு முனை மூடியின் பெயிண்ட் படாத திருகில், மறுமுனை எர்த் கம்பியில். முள் அசையவில்லை. கிளிப்பின் பற்கள் தடித்த பெயிண்டைத்தான் பிடித்திருந்தன, இரும்பைத் தொடவே இல்லை. மேனேஜர் அடுத்த இரண்டு டிரம்களைத் தானே சோதித்தார். அதே கதைதான். அக்கா பித்தளைச் சுரண்டியால் விளிம்பை வெள்ளையாகத் தேய்த்து மாட்டினார். முள் துள்ளியது.

பதினெட்டையும் தேய்த்து நிரப்பி முடிக்க மதியமாகிவிட்டது.

"டிரம்முக்கெல்லாம் பல்லு வெளக்கி விட்டீங்களாமே அக்கா," என்றார் லாரி டிரைவர்.

"பின்னால ஏத்திட்டுப் போறது நீதானேப்பா."

மேனேஜர் சாவியை நீட்டினார். "என்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வராதும்மா."

இப்போதெல்லாம் பம்ப் ஓட்டுபவர் சுவிட்சைத் தொடுமுன் அக்காவைத் தேடுகிறார். "பல்லு பதிஞ்சிருக்குக்கா, வந்து பாருங்க."

அக்கா போய்ப் பார்க்கிறார். ஒவ்வொரு டிரம்மையும்.